ஐந்து ஓட்டைச் சக்கரம்

அத்தியாயம் 6

"தப்பு செய்யலைன்னு கத்துறவனை வெளியில எடுத்துடலாம் சார். செஞ்சேன் செஞ்சேன்னு அடம்பிடிக்கிறவனை எப்படி எடுக்கிறது?"

குண்டூசி இப்படிக் கேட்டபோது காவல் நிலையச் சுவர்க்கடிகாரம் பதினொன்றே காலைக் காட்டியது. சர்வேயர் பதில் சொல்லவில்லை. அவர் மௌனங்களை அவள் நீளம் வைத்துப் பிரித்திருந்தாள். ஒரு டீ ஆறும் நேரம், ஒரு சிக்னல் நேரம், ஒரு பஸ் பயண நேரம். இது டீயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்து பெயர்ப்பலகையெல்லாம் மாட்டியும் ஊர் அவரைச் சர்வேயர் என்றே கூப்பிட்டது. உதவிக்கு வந்தவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்ததும் அதே ஊர்தான். உருவம் பாதி காரணம், நாக்கு மீதிக் காரணம்.

வழக்கு நான்கு வரியில் அடங்கிவிடும். மூன்று நாட்களுக்கு முன்னால், ஒரு மருந்துக்கடைக்காரரின் கார் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்பக்க இடது சக்கரம் கழன்றது. காரை முந்திக்கொண்டு ஓடி, பஸ் நிறுத்தத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்த தபால்காரரின் மேல் மோதியது. அவர் பிழைக்கவில்லை. அந்தக் காருக்கு எட்டு நாள் முன்பு நான்கு அலாய் வீல் மாட்டிக் கொடுத்தவர் டயர்க்கடைக்காரர். போலீஸ் தேடி வருவதற்கு முன்பே அவர் நேற்று மாலை தானாக வந்து, "ஒரு சக்கரத்தோட நட்டுகளை முடுக்க மறந்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நம்பாதவள் ஒருத்திதான். அவர் மனைவி. குண்டூசி அவளை டயர் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். நேற்று ராத்திரியே சர்வேயரின் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அக்கா சொன்னது இதுதான்.

"நட்டு முடுக்கிற ஸ்பேனர் இருக்குல்ல, அளவு வந்ததும் டக்குனு சத்தம் போடும். நான் கல்லாவுலதான் இருந்தேன். ஒரு சக்கரத்துக்கு அஞ்சு டக். நாலு சக்கரத்துக்கு இருபது. நான் எண்ணணும்னு எண்ணல. காது தானா எண்ணும். இருபதும் கேட்டுச்சு. அவர் பொய் சொல்றாரு. ஏன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்போவது இன்று நாலு மணிக்கு. அங்கேயும் இதையே சொல்லிவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை.

ஸ்டேஷன் ரைட்டர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டே தலையசைத்தார். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போனா எனக்குத் தெரியாது."

டயர்க்கடைக்காரர் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கைவிரல் இடுக்குகளில் கறுப்பு. ஆயுசுக்கும் கழுவினாலும் போகாத கறுப்பு. சர்வேயரைப் பார்த்ததும் எழுந்தார்.

"எந்தச் சக்கரத்தை மறந்தீங்க?"

"முன் இடது."

"கடைசியா மாட்டினதா?"

"ஆமா. கடைசி... இல்ல, ரெண்டாவது."

"ரெண்டாவதை மறந்துட்டு மூணாவதுக்குப் போயிட்டீங்க."

"டீ வந்துச்சு. குடிக்கப் போனேன்."

"நாலு சக்கரத்துக்கு நடுவுல ஒரு டீ" என்றாள் குண்டூசி. "சர்க்கரை தூக்கலா போல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. சம்பந்தமே இல்லாமல் அவர் வேறு எதையோ பேசினார். "பாப்பா மூணரைக்கு ஸ்கூல் விட்டு வருவா. ஏழு வயசு. பூட்டின கதவைப் பாத்தா பயந்துக்குவா. அவ அம்மா வீட்டுல இருக்கணும்."

"சரிங்க, அதுக்கும் நட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல." பிறகு சர்வேயரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், அந்தச் சக்கரத்தைப் பாத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாக்காதீங்க. பாத்து இனிமே என்ன ஆகப்போகுது."

சர்வேயர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராகப் பின்முற்றத்துக்கு நடந்தார்.

"நல்ல மனுஷன்" என்றாள் குண்டூசி, பின்னாலேயே ஓடியபடி. "எங்க தேடணும்னு அவரே விலாசம் குடுத்துட்டார்."

தகரக் கொட்டகையின் கீழே கார் மூன்று காலில் நின்றது. நான்காவது கால் பக்கத்தில் தரையில் கிடந்தது. பளபளவென்று கறுப்பு வண்ணம் பூசிய அலாய் வீல். அதைப் பார்த்தால் ஓர் ஆளைக் கொன்ற பொருள் மாதிரியே இல்லை. கடை வாசலில் விற்பனைக்கு வைத்த மாதிரி இருந்தது. காரின் அச்சு முகத்தில் ஐந்து திருகு ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று ஒடிந்திருந்தன. மீதி இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"பாக்கலாம், தொடக்கூடாது" என்றார் ரைட்டர், கையில் செய்தித்தாளோடு நின்றபடி.

"தொடவே மாட்டோம் சார். அந்தப் பேப்பர்ல ஒரு பக்கம் மட்டும் குடுங்க."

"ராசிபலன் பக்கம்மா அது. இன்னும் என் ராசியைப் படிக்கல."

"இன்னைக்கு உங்களுக்கு வெளியாட்களால் தொல்லை. படிச்சாச்சு, குடுங்க."

சர்வேயர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே உருட்டினார். அதன் மேல் தூசு. காரோடு பிறந்த சக்கரம், ஒருநாளும் சாலையைப் பார்க்காதது. செய்தித்தாளை அதன் மேல் விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். குழந்தைகள் காசை அடியில் வைத்துத் தேய்ப்பார்களே, அப்படி. ராசிகளுக்கு நடுவே ஐந்து கறுப்பு வட்டங்கள் எழும்பின. பேனாக்கத்தியால் அவற்றை வெட்டி எடுத்தார். இப்போது காகிதத்தில் ஐந்து ஜன்னல்கள்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய், கழன்று விழுந்த சக்கரத்தின் மேல் வைத்தார். ஒரு ஜன்னலை ஓர் ஓட்டையோடு சரியாகப் பொருத்திப் பிடித்தார்.

"எதிர்ப்பக்கம் பாரு."

குண்டூசி குனிந்தாள். பொருத்திய ஓட்டை சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் இருந்த இரண்டு ஜன்னல்களின் ஓரத்தில் மட்டும், வெட்டிப்போட்ட நகம் மாதிரி, வண்ணம் உரிந்த மெல்லிய வெள்ளிப் பிறைகள் தெரிந்தன. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் உலோகம்.

"சார், இது..."

"வேற காரோட சக்கரம்."

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து அதே காகிதத்தில் இந்தச் சக்கரத்தின் ஓட்டைகளையும் சுற்றி வரைந்தார். பிறகு இரும்பு அளவுகோலை வைத்து, பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டார்.

"அஞ்சு ஓட்டையோட நடுவையும் தொட்டு ஒரு வட்டம் போட்டா, அந்த வட்டத்தோட அகலம்தான் கணக்கு. பி.சி.டி.ன்னு சொல்வாங்க. இந்தக் காருக்கு நூத்திப் பதினாலு மில்லிமீட்டர் சொச்சம். இந்த வீலுக்கு நூத்திப் பன்னெண்டு."

"ரெண்டு மில்லிமீட்டர். சட்டைப் பித்தான் கனம். அதுக்கா ஓர் ஆள் போயிட்டாரு?"

"பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்திருந்தா வீல் ஏறியே இருக்காது. யாரும் செத்திருக்க மாட்டாங்க. ரெண்டுங்கிறதுனாலதான் ஏறிடுச்சு." அவர் காகிதத்தை மடித்தார். "அரை நம்பர் சின்ன ஷூ மாதிரி. கடையில போட்டுப் பாத்தா கால் உள்ள போகும். நட்டு ஏறும், ஸ்பேனர் டக்குனு சொல்லும். ஆனா நட்டு சாஞ்சுதான் உக்காரும். ஒவ்வொரு சுத்துலயும் ஆணி கொஞ்சம் வளையும். எட்டு நாள்ல எத்தனை சுத்து!"

"அப்ப இருபது டக்கும் நிஜம்!" குண்டூசி கிட்டத்தட்ட கை தட்டிவிட்டாள். "அவர் முடுக்கிருக்கார். அக்கா காது ஜெயிச்சுடுச்சு. ரைட்டர் சார், பாத்தீங்கல்ல?"

ரைட்டர் கொட்டாவியை விழுங்கினார். "பாத்தேம்மா. ஆனா நான் பாத்தா செல்லாது. வண்டி இன்ஸ்பெக்டர் பாக்கணும். அவர் பதினெட்டாம் தேதி வர்றார்."

"இன்னும் பதினாலு நாள் இருக்கே!"

"அவசரம்னா பதினேழாம் தேதி ஞாபகப்படுத்துறேன்."

டயர்க்கடைக்குப் பழைய வீல் அனுப்புகிறவரின் கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. கூரை வரை வீல்கள். லாரி வீல், வேன் வீல், கார் வீல். எல்லா ஓட்டைகளும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்க்கிற மாதிரி குண்டூசிக்குத் தோன்றியது. குற்றவாளி இவன்தான் என்று அவள் வழியெல்லாம் முடிவு செய்துகொண்டே வந்திருந்தாள். அவள் கற்பனையில் அவனுக்கு மீசைகூட இருந்தது. நேரில் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட, சளி பிடித்த ஒரு சாதுவான மனிதர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நூத்திப் பன்னெண்டை நூத்திப் பதினாலுன்னு சொல்லி வித்தீங்களா?" என்று அவள் நேரே பாய்ந்தாள்.

"நான் எதையும் சொல்லி விக்கிறதில்லம்மா. இந்தக் குவியல்ல எது எந்த வண்டியோடதுன்னு எனக்கே தெரியாது. அளவு பின்னாடி அச்சுல இருக்கும். வண்ணம் பூசினா அதுவும் மறைஞ்சுடும். அந்த டயர்க்கடைக்கு நாலு செட் அனுப்புவேன். அங்க அளந்து பாத்து, பொருந்துறதை வச்சுக்கிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவாங்க. ஆறு வருஷமா அப்படித்தான்." அவர் தும்மினார். "இந்த ஊர்ல அளந்து பாத்து வாங்குற கடையே அது ஒண்ணுதான். மத்தவனெல்லாம் கண்ணால பாத்தே எடுத்துட்டுப் போறான். அவங்களுக்கா இப்படி ஆகணும்?"

திரும்பும் வழியில் சர்வேயர்தான் ஓட்டினார். இரண்டு சிக்னல் கடந்தது. மூன்றாவதில் அவராகவே பேசினார்.

"முடுக்க மறந்தேன்னு சொன்னாலும் ஜெயில். அளவு தப்பாயிடுச்சுன்னு சொன்னாலும் ஜெயில். கிட்டத்தட்ட ஒரே தண்டனை. அப்புறம் எதுக்கு இருக்கிற தப்பை மறைச்சுட்டு இல்லாத தப்பை எடுத்துக்கிட்டார்?"

"அளவு தெரியாதவன்னு பேர் வாங்குறதைவிட மறதிக்காரன்னு பேர் வாங்குறது கௌரவமா இருக்கும். எங்க மாமா ஒருத்தர் இருக்கார், காது கேக்கலைன்னு ஒத்துக்க மாட்டார், கவனிக்கலைன்னுதான் சொல்வார்."

சர்வேயர் சிரிக்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள். அவர் வண்டியை எடுக்கவே இல்லை.

"சார், பச்சை."

"தெரியுது" என்றார். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட நினைக்கிறவரின் குரல்.

டயர்க்கடையின் வாசலில் பலகை தொங்கியது: 'உங்கள் வண்டிக்குப் பொருந்துமா? வாங்கும் முன் அளந்து சொல்கிறோம். இலவசம்.' கீழே சிறிய எழுத்தில், 'லாரி, வேன், கார்.'

டயர் அக்கா கல்லாவில் இருந்தாள். கடை மூடியிருந்தாலும் அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள் போல. மேசை அந்த அளவுக்கு மின்னியது.

"அக்கா, உங்க காதுக்குத் தங்கத் தோடு வாங்கிப் போடணும்!" குண்டூசி உள்ளே நுழையும்போதே கத்தினாள். "இருபது டக்கும் நிஜம். அவர் ஒழுங்காத்தான் முடுக்கிருக்கார். வீல்தான் வேற கார் வீல்!"

அக்காவின் முகம் ஒரு கணம் திறந்து, உடனே குழம்பியது. "வேற கார் வீலா? இருக்காதே. நூத்திப் பதினாலுதானே அது."

சர்வேயர் வாசலிலேயே நின்றார்.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க. அளவுல தப்பு வர வாய்ப்பே இல்ல." அக்கா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு கார் வீலை உருட்டி வந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தாள். "லாரிக்குப் பத்து ஓட்டை, வேனுக்கு ஆறு, சின்னக் காருக்கு நாலு. அதெல்லாம் லேசு. ஓட்டைக்கு நேர் எதிர்ல ஓட்டை இருக்கும். நடுவுல இருந்து நடுவுக்கு டேப்பை நேரா இழுத்துடலாம். அஞ்சுதான் வம்பு. எந்த ஓட்டைக்கும் எதிர்ல ஓட்டையே இருக்காது. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு."

அவள் டேப்பின் கொக்கியை ஓர் ஓட்டையின் வெளி விளிம்பில் மாட்டினாள். ஒன்றை விட்டு அடுத்த ஓட்டையின் நடுவுக்கு இழுத்தாள். அந்தக் கை ஒரே வீச்சில் போய் நின்றது. ஆயிரம் முறை செய்த கை.

"விளிம்புல இருந்து நடுவுக்கு. இதுல வர்றதுதான் கணக்கு. கல்யாணமான புதுசுல அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. இப்ப அவரைவிட நான்தான் வேகம். அவர் அளக்கிறதே இல்ல. 'நீ சொன்னா சரி'ம்பாரு." அவள் லேசாகச் சிரித்தாள். "மருந்துக்கடைக்காரர் கார்ல ஆணியையும் நான்தான் அளந்தேன். நூத்திப் பதினாலு சொச்சம். அந்த வீலையும் நான்தான் அளந்தேன். நூத்திப் பதினாலு. பாருங்க, நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்."

குண்டூசியின் வாயில் ஒரு நக்கல் தயாராக இருந்தது. அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் சர்வேயரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

'அவ அம்மா வீட்டுல இருக்கணும்.'

"ஏன் ரெண்டு பேரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்றாள் அக்கா.

"நேரமாச்சு" என்றார் சர்வேயர். "கோர்ட்டுக்குக் கிளம்பணும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

இருபது வருடத்தில் அவர் எத்தனையோ பேரிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறார் என்று குண்டூசிக்குத் தெரியும். ஒருமுறைகூட அப்புறம் என்று சொன்னதில்லை. அவர் பையைத் தூக்கியபோது மடித்து வைத்த செய்தித்தாளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன? வட்டம் போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, ராசிபலன்" என்றாள் குண்டூசி.

அக்கா அதற்குள் அதை உருவி மேசையில் விரித்துவிட்டாள். தொழில்காரி கை. கறுப்பு ஜன்னல் ஐந்து, அவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் ஐந்து. எது எந்தச் சக்கரம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்பில் டேப்பை வைத்தாள். விளிம்பிலிருந்து நடு.

"நூத்திப் பதினாலு. நான் சொன்னேன்ல."

சர்வேயர் பையைக் கீழே வைத்தார். அவள் மறுபடி குனிந்தாள். ஆள்காட்டி விரல் நுனியைக் கறுப்பு ஜன்னல் ஒன்றில் நுழைத்தாள். பிறகு அதே நுனியைச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தாள். விரலைச் சுற்றி இடம் மிச்சம் இருந்தது.

"இந்த ஓட்டை பெரிசா இருக்கே" என்றாள், தனக்குள்.

சுவரில் ஏதோ பூச்சி ரீங்காரமிட்டது. அக்கா டேப்பை இம்முறை விளிம்பில் வைக்கவில்லை. கறுப்பில் நடுவிலிருந்து நடு. சிவப்பில் நடுவிலிருந்து நடு. பென்சிலால் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதினாள். ஒன்றைவிட மற்றது இரண்டு மில்லிமீட்டர் குறைவு. ஓட்டை பெரிதாக இருந்ததால் விளிம்பு வெளியே தள்ளிப்போயிருந்தது. அந்த விளிம்பில் கொக்கியை மாட்டினால் டேப் இரண்டு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். ஆறு வருடம் பொய் சொல்லாத டேப் ஒரே ஒரு முறை பொய் சொல்லியிருக்கிறது.

டேப் அவள் கையிலிருந்து நழுவி, சரசரவென்று தன்னைத் தானே சுருட்டிக்கொண்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் சர்வேயர். "விபத்து நடந்த இடத்துல, கழன்ற சக்கரத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும்."

"அதான் போய் உக்காந்துக்கிட்டாரா?"

சர்வேயர் மேசையிலிருந்த செய்தித்தாளை மடித்தார்.

"நான் உங்ககிட்ட வரலைன்னா..." அவள் முடிக்கவில்லை. முந்தானையால் மேசையை ஒருமுறை துடைத்தாள். நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பாப்பா மூணரைக்கு வருவா. பக்கத்து வீட்டுல சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

அவள் போனதும் குண்டூசி மெதுவாகக் கேட்டாள். "சார், நாம இப்ப யாரை வெளியில எடுக்கிறோம்? யாரை உள்ள தள்றோம்?"

அது எவ்வளவு நீளமான மௌனம் என்று அவள் அளக்கவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் டயர்க்கடைக்காரரை இரண்டு காவலர்கள் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மனைவியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். அவள் கக்கத்தில் நோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார். பாக்காதீங்கன்னு சொன்னேனே என்று அந்தக் கண் கேட்டது.

"பாப்பா?" என்றார்.

"பக்கத்து வீட்டுல." அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஓட்டை பெரிசுன்னு எனக்குத் தெரியலைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? குறுக்கு வழி சொல்லிக் குடுத்த நான்தான் பெரிய ஓட்டைக்கு அது ஆகாதுன்னு சொல்லாம விட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "மொத நட்டு சண்டித்தனம் பண்ணுச்சுடி. வண்ணம் படிஞ்சிருக்கும்னு நெனச்சு அழுத்தி முடுக்கினேன். அப்பவே கழட்டிப் பாத்திருக்கணும். நீ அளந்ததுன்னு பாக்கல. அதனால அது என் தப்புதான். நீ வாயைத் தொறக்காத."

"தொறப்பேன்."

"உனக்கு என்ன பைத்தியமா? ரெண்டு பேரும் உள்ள போனா அவளுக்கு யாரு?"

"அந்தத் தபால்காரருக்கும் வீடு இருக்கும்ல" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து டயர்க்கடைக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்துப் படித்தார்: நட்டுகளை முடுக்கத் தவறியது. "ஒத்துக்கிறீங்களா?" "ஆமாங்க ஐயா." அந்த இடத்தில் அக்கா எழுந்தாள். "ஐயா, அவர் முடுக்கினாரு. அளந்தது நான். தப்பு அளவுல. என்கிட்ட நோட்டு இருக்கு."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்று அவர் கத்தினார்.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். இரக்கம் இல்லாதவர் போலத் தெரியவில்லை. களைத்துப் போயிருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் முப்பது கட்டுகள் இருந்தன.

"என்ன அளவும்மா?"

"சக்கரத்தோட அளவுங்க. அஞ்சு ஓட்டைக்கு எதிர்ல ஓட்டை இருக்காதுங்க, அதனால..."

யாரோ பின்னால் சிரித்தார்கள். குமாஸ்தா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சர்வேயர் முன்னால் போய் செய்தித்தாளை நீட்டினார். அதன் மேல்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'இன்றைய ராசிபலன்' என்று இருந்தது.

"வண்டி இன்ஸ்பெக்டர் அறிக்கை வரட்டும். வக்கீல் மூலமா மனு போடுங்க" என்றார் மாஜிஸ்திரேட். "பதினஞ்சு நாள் காவல். அடுத்தது."

வெளியே வேன் நின்றது. டயர்க்கடைக்காரரை ஏற்றினார்கள். சர்வேயர் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். வக்கீல் பார்ப்பார், இன்ஸ்பெக்டர் பார்ப்பார், ஒரு நாள் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்த பிறகு இருவரில் ஒருவர் உள்ளே போவார். அல்லது இருவருமே. எந்தக் கணக்கிலும் இருவரும் வெளியே இருக்கிற விடை குண்டூசிக்குக் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, யாராவது ஒரு கெட்டவன் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

கம்பி ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. "சாயங்காலம் அவளுக்குப் பால் குடு" என்று சத்தமாகச் சொன்னார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கண் கீழே இருந்தது. குண்டூசி அந்தப் பார்வையின் வழியே போய்ப் பார்த்தாள். வேனின் பின்சக்கரம். சேறு படிந்த பழைய இரும்பு வீல்.

அக்காவின் உதடு ஒவ்வொன்றாக எண்ணியது. வேன் குலுங்கி நகர ஆரம்பித்தது. நட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து, கீழே போய், பிறகு ஒரே வளையமாகக் கலந்தன.

"ஆறு ஓட்டை" என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல். "எதிர் எதிர்ல இருக்கு. இதுல தப்பு வராது."